முன்கோபம்

"கத்தியைக் கீழ வை!"

அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். குரல் வந்த பக்கம் திரும்புவதற்குள் மாமியார் சமையலறைக்குள் நுழைந்து, அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக் கத்தியைப் பிடுங்கிவிட்டாள். பாதி நறுக்கிய வெங்காயம் மேடையிலிருந்து உருண்டு தரையில் விழுந்தது.

"அத்தை, வெங்காயம்தானே நறுக்கறேன்."

"உன் கையில எதுவும் இருக்க வேண்டாம். கொழந்த நடமாடற வீடு."

"அது என் கொழந்த அத்தை."

"அதனாலதான் சொல்றேன்."

"வெங்காயம் நறுக்கினா கொழந்தைக்கு என்ன ஆகும்? சொல்லுங்களேன், என்ன ஆகும்?"

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மாமியார் அதற்காகவே காத்திருந்தவள் போலக் கூடத்தைப் பார்த்துக் கத்தினாள்: "டேய், இவ இன்னிக்கு மாத்திரை போட்டாளான்னு கேளு. கண்ணு ஒரு மாதிரி இருக்கு."

கூடத்தில் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த புருஷன் தலையை நிமிர்த்தாமலே கேட்டான். "மாத்திரை போட்டியா?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த ஒரே பதில் அதுதான். சாப்பாட்டில் உப்பு அதிகம் என்றாலும், குழந்தையை ஏன் என் பக்கத்தில் படுக்க விடமாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டாலும், குளியலறைத் தாழ்ப்பாளை ஏன் கழற்றிவிட்டீர்கள் என்று கேட்டாலும், மாத்திரை போட்டியா? மற்ற மாத்திரைகளையெல்லாம் டாக்டர் நிறுத்தியாகிவிட்டது. பாக்கி இருந்தது எலும்புக்கான சுண்ணாம்புச்சத்து மாத்திரை ஒன்றுதான். அதைப் பலமுறை சொல்லிப் பார்த்தாள். சொல்லும்போது குரல் உயர்ந்தது. குரல் உயர்ந்ததால் மறுபடி மாத்திரையைப் பற்றிக் கேட்டார்கள்.

குழந்தை கதவோரம் வந்து நின்றது. அம்மாவையும் பாட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அம்மா இப்போ நல்லாருக்காங்களா பாட்டி?" என்று கேட்டது. அம்மா எதிரிலேயே நிற்கிறாள். கேள்வி பாட்டியிடம்.

அவள் குனிந்து வெங்காயத்தைப் பொறுக்கினாள்.

நோய் வருவதற்கு முன் அவள் பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் துணி வெட்டினாள். அடுக்கடுக்காகப் போட்ட துணியின் மேல் சாக்பீஸால் கோடு இழுத்து, பெரிய கத்தரியை ஓட்டினாளானால் அடித்துணி வரை ஒரே மாதிரி வரும். தையல் பெண்கள் அவளைக் 'கத்தரி அக்கா' என்று கூப்பிட்டார்கள். வாயும் கத்தரி மாதிரிதான் என்பது அதில் பாதிக் கேலி. சூபர்வைசர் ஒருமுறை ஒரு சின்னப் பெண்ணின் தோளில் கையைப் போட்டபோது, "கையை எடுங்க சார், அளவெடுக்கறது என் வேலை" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னவள்.

தலைவலியில்தான் ஆரம்பித்தது. அப்புறம் தூக்கம் போயிற்று. ஒரு நாள் வெட்டிய காலர்கள் எல்லாம் ஒரே பக்கத்துக்கானவையாக இருந்தன. எதிர்ப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு நினைவில்லை. 'ஊசி' என்ற சொல் வாயில் வராமல், "அந்த... குத்தறது" என்றாள். தையல் பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிப்பை நிறுத்த முடியவில்லை. அடுத்தடுத்த நாட்களில் தையல் மெஷின்கள் எல்லாம் தன்னைப் பற்றியே பேசுவதாகச் சொல்லிக் காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்தாள்.

வீட்டில் முதலில் அதை நடிப்பு என்றார்கள். வேலை செய்யச் சோம்பல். பிறகு திமிர். அவள் மாமியாரைப் பார்த்து, "நீ யாரு?" என்று கேட்டபோது பேய் என்றார்கள். உடம்பு கட்டை மாதிரி விறைத்து, வாய் மட்டும் எதையோ மெல்வதுபோல ஓயாமல் அசைய ஆரம்பித்ததும் பைத்தியம் என்று முடிவாயிற்று. பைத்தியம் என்றதும் வீட்டுக்குக் கவலை வந்தது. அவளைப் பற்றிய கவலை அல்ல. வீட்டில் கல்யாண வயதில் ஒரு பெண் இருந்தாள். புருஷனின் தங்கை. கடைக்குட்டி என்று வீட்டில் கூப்பிடுவார்கள். வரன் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"பைத்தியம் இருக்கிற வீட்டுல எவன் பொண்ணு எடுப்பான்?" என்றார் மாஸ்டர்.

மாஸ்டர் என்பது அவள் புருஷனின் அண்ணன். வீட்டின் கீழ்த்தளத்தில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். தெருவே அவரை மாஸ்டர் என்றுதான் அழைத்தது. தம்பியும் அவரிடம்தான் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலையில் இருந்தான். அதனால் மாஸ்டர் சொன்னால் சொன்னதுதான். தம்பிக்குத் தனியாக ஒரு வாய் இருந்ததாக யாருக்கும் தெரியாது.

மாடியில் பழைய டயர்கள் போட்டிருந்த அறையை ஒழித்து அவளை அதில் போட்டார்கள். கத்துகிறாள் என்று ஜன்னலைச் சாத்தினார்கள். முகத்தைப் பிறாண்டிக்கொள்கிறாள் என்று கையைக் கட்டினார்கள். பெண் பார்க்க வருகிறவர்களிடம் சின்ன மருமகள் வெளியூரில் வேலைக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். கடைசியில் அவள் சாப்பாட்டை விழுங்குவதையும் விட்டபோது, செத்தால் தெருவுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று பயந்து, பட்டப்பகலில் டிரைவிங் ஸ்கூல் காரிலேயே படுக்கவைத்து, ஊருக்கு வெளியே இருந்த மனநல விடுதி ஒன்றில் கொண்டுபோய் விட்டார்கள். 'எல்' எழுத்துப் பலகை காரின் தலையில் அப்படியே இருந்தது.

அவளுடைய நல்ல காலம், அந்த விடுதிக்கு எப்போதாவது வரும் நரம்பு டாக்டர் அன்று வந்திருந்தாள். குள்ளமான பெண்; சத்தமாகப் பேசுகிறவள். கட்டிலில் கிடந்தவளின் வாய் அசைவதை ரொம்ப நேரம் நின்று பார்த்தாள். கையைத் தூக்கிவிட்டாள்; தூக்கியது தூக்கியபடியே நின்றது. "இவங்களை ஏன் இங்க கொண்டுவந்தீங்க?" என்று புருஷனைப் பார்த்துக் கத்தினாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றி, முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் சொன்னது அவளுக்குப் பின்னால்தான் தெரியும். அப்போது அவள் யார் கூப்பிட்டாலும் கேட்கிற நிலையில் இல்லை. "இது மனசு சம்பந்தப்பட்டதே இல்ல. கிருமியை அடிக்கறதுக்குன்னு நம்ம ரத்தத்துல உண்டாகற எதிர்ப்பொருள், ஆள் மாறி மூளையைப் போய் அடிச்சிட்டிருக்கு. சினைப்பையில ஒரு கட்டி இருக்கு. அதுதான் இதைக் கெளப்பி விட்டிருக்கு. கட்டியை எடுத்து, ரத்தத்தைச் சுத்தம் பண்ணினா பொழைச்சுக்குவாங்க. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கை கழுவியிருக்க வேண்டியதுதான்."

பிழைத்தாள். சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. நடக்கக் கற்றுக்கொண்டாள். கம்பளிப்பூச்சி போல மெதுவாகப் பேனா பிடித்துத் தன் பெயரை எழுதினாள். ஒரு நாள் நர்ஸ் போர்த்திய போர்வையைப் பார்த்து, "இது குறுக்குத் துணி, நேரா வெட்டியிருக்கணும்" என்றாள். டாக்டர் அதைக் கேட்டு வார்டு அதிரச் சிரித்தாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் புருஷனை எதிரே உட்காரவைத்துச் சொன்னாள். "இவங்க இப்ப உங்களை மாதிரி, என்னை மாதிரிதான். வேலைக்குப் போகலாம், சமைக்கலாம், சண்டை போடலாம். சில பேருக்கு இது மறுபடி வரலாம். வந்தா உடனே இங்க கூட்டிட்டு வாங்க. பூட்டி வைக்காதீங்க."

அவன் வீட்டுக்கு வந்து சொன்னது ஒரே வாக்கியம்: "மறுபடி வரும்னு டாக்டரே சொல்லிட்டாங்க."

வீட்டுக்கு அது போதுமானதாக இருந்தது.

கம்பெனிக்குப் போனாள். முதலாளி எழுந்து நின்று வரவேற்றார். "கத்தரி வேண்டாம்மா. மத்தவங்க பயப்படறாங்க. பட்டன் மேஜையில உக்காருங்க" என்றார். பட்டன் மேஜையில் உட்கார்ந்தாள். அவளிடம் வேலை கற்ற பெண் ஒருத்தி இப்போது துணி வெட்டினாள். ஓரம் பிசிறடித்தது. அதைச் சொன்னால் கத்துகிறாள் என்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டு பட்டன் தைத்தாள். சிரிக்கும்போதுகூட ரொம்பச் சிரித்துவிட்டோமோ என்று யோசிக்க வேண்டியிருந்தது. நோயில் கிடந்தபோது அவளுக்கு எதுவும் தெரியவில்லை. தெளிந்த பிறகுதான் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பது போல ஆயிற்று.

இதற்கிடையே கடைக்குட்டிக்கு ஒரு வரன் கூடி வந்தது. நல்ல வேலை, கூடப்பிறந்தவர் யாரும் இல்லாத ஒரே பிள்ளை, பிக்கல் பிடுங்கல் இல்லாத குடும்பம் என்று மாமியார் தெரு முழுக்கச் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் வருகிற போதெல்லாம் அவளை மாடிக்கு அனுப்பினார்கள்.

மாஸ்டர் மாறிக்கொண்டு வந்ததை யாரும் கவனிக்கவில்லை. கவனித்தாலும் அதற்கு வீட்டில் ஒரு பெயர் தயாராக இருந்தது. முன்கோபம்.

அவர் முன்பெல்லாம் அதட்டுவாரே தவிரக் கை ஓங்கியதில்லை. இப்போது சாப்பாடு ஆறிப்போயிற்று என்று தட்டைச் சுவரில் எறிந்தார். கார் சாவியை எங்கோ வைத்துவிட்டு, திருடிவிட்டாள் என்று மனைவியின் கன்னத்தில் அறைந்தார். சாவி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. காலையில் சொன்னதை மத்தியானம் சொல்லவில்லை என்று சாதித்தார். கற்றுக்கொள்ள வந்த ஒரு கல்லூரிப் பெண்ணை நடுரோட்டில் இறக்கிவிட்டு, அவளை மறந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

"பொறுப்பு ஜாஸ்தி. தங்கச்சி கல்யாணம் தலைமேல இருக்கு. கோவம் வரத்தானே செய்யும்?" என்றாள் மாமியார். சுவரில் வழிந்ததைச் சின்ன மருமகள் துடைத்தாள். தரையில் கிடந்த தட்டைப் பெரிய மருமகள் எடுத்தாள். யாரும் மாஸ்டரை மாத்திரை போட்டாரா என்று கேட்கவில்லை.

அவள் அதைப் பார்த்தது ஒரு காலையில், எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது. மாஸ்டரின் இடது கன்னம் ஒரு பக்கமாக வெடுக்கென்று இழுத்தது. அதே கணம் இடது கை முழங்கையோடு மடங்கித் துள்ளியது. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. டீ மேஜையில் கொட்டியது. "என்ன கப்பு இது, பிடியே சரியில்ல" என்று மனைவியைத் திட்டினார். கொஞ்ச நேரத்தில் மறுபடி. இம்முறை கையில் கப் இல்லை. அதனால் அவருக்கே அது தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் எதிர்க் கட்டிலில் ஒரு பெரியவர் கிடந்தார். அவருக்கும் இப்படித்தான் முகமும் கையும் வெட்டி வெட்டி இழுக்கும். டாக்டர் மாணவர்களைக் கூட்டிவந்து, மறதியும் கோபமும்கூட இந்த நோயால்தான் என்று அவரைக் காட்டுவாள்.

துணி துவைக்கிற இடத்தில், மாஸ்டரின் மனைவியான ஓரகத்தியைப் பிடித்தாள். "அக்கா, மாமாவுக்குக் கை இழுக்குது. பாத்தீங்களா?"

ஓரகத்தி கையிலிருந்த துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத வரை பிழிந்தாள். "பாத்தேன்" என்றாள் மெதுவாக. "அடிக்கடி வருது. சொன்னா அடிக்கறார்."

"டாக்டர்கிட்ட காட்டணும்க்கா. கோவமும் அதனாலதான். எனக்கு வந்த மாதிரி ஏதோ..."

"அடிப்பாவி!" ஓரகத்தியின் முகம் மாறிவிட்டது. "அவரைப் பைத்தியம்ங்கறியா? இந்த வார்த்தை அவர் காதுல விழுந்தா உன்னை வெட்டிப் போட்டுருவார். என்னையும் சேர்த்து."

புருஷனிடம் சொன்னாள். "எல்லாரும் உன்னை மாதிரி ஆகணும்னு ஆசையா?" என்றான் அவன்.

மாஸ்டர்தான் தினமும் காலையில் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவார். அதுவரை அது ஒரு உதவியாக இருந்தது. அன்று காலை அவள் மாடியிலிருந்து பார்த்தாள். குழந்தை புத்தகப் பையோடு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தது. மாஸ்டர் கதவைத் திறக்கக் கையை நீட்டினார். கை வெட்டி இழுத்தது. கன்னம் கோணியது. பிறகு ஒன்றும் நடக்காதது போலக் கதவைத் திறந்து ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்தார்.

அவள் படிகளில் எப்படி இறங்கினாள் என்பது அவளுக்கே தெரியாது. வண்டி கிளம்புவதற்குள் முன் கதவைத் திறந்து குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"என்ன இது?" என்றார் மாஸ்டர்.

"பாப்பா என்கூட நடந்து வரட்டும் மாமா."

"இறக்கு அவளை."

"மாமா, நீங்களும் ஓட்டாதீங்க. உங்க கை இழுக்குது. உங்களுக்கே தெரியல."

டிரைவிங் ஸ்கூல் வாசலில் கற்றுக்கொள்ள வந்தவர்கள் நின்றிருந்தார்கள். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மாஸ்டர் வண்டியை விட்டு இறங்கினார். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மனிதனைப் பார்த்து, அவனுடைய மாணவர்கள் எதிரில், கை சரியில்லை என்று ஒரு பைத்தியக்காரி சொல்கிறாள். அவர் கையை ஓங்கினார். ஓங்கிய இடது கை அந்தரத்தில் வெட்டி இழுத்து மடங்கியது. வலது கையால் அறைந்தார்.

"புடிங்கடா அவள! கொழந்தையைக் கொல்லப் போறா!" மாமியார் மாடியிலிருந்து அலறினாள்.

புருஷன் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தான். எதிர்க்கடைக்காரர் ஒரு கையைப் பிடித்தார். கற்றுக்கொள்ள வந்த இளைஞன் ஒருவன் குழந்தையின் இடுப்பைப் பிடித்து இழுத்தான். அவள் கத்தினாள். இனி யார் என்ன நினைத்தால் என்ன என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "விடமாட்டேன்! என்னை வெட்டினாலும் இந்த வண்டியில ஏத்த விடமாட்டேன்!" குழந்தை அழுதது. ஆனால் இழுத்தவர்களிடம் போகவில்லை. அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, காலால் இடுப்பைப் பின்னிக்கொண்டது. அவர்களால் பிரிக்க முடியவில்லை.

"இன்னிக்கு சாயங்காலம் இவ இந்த வீட்டுல இருக்கக் கூடாது. அதே விடுதியில கொண்டுபோய்த் தள்ளு!" என்று தம்பியைப் பார்த்து உறுமிவிட்டு, மாஸ்டர் வண்டியைச் சீறவிட்டுக் கிளம்பினார்.

தெரு முனையில் திரும்ப வேண்டிய வண்டி திரும்பவில்லை. நடைபாதையில் ஏறி விளக்குக் கம்பத்தில் மோதி நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தவர்கள் முதலில் பார்த்தது மாஸ்டரின் நெற்றியிலிருந்து வழிந்த ரத்தத்தை. அவள் பார்த்தது மறுபக்கத்தை. குழந்தை உட்காரும் முன் சீட்டு கம்பத்தோடு கம்பமாக நசுங்கியிருந்தது. புத்தகப் பை அதற்குள் எங்கோ இருந்தது.

"வாயை வச்சாளே! போற வண்டியில வாயை வச்சாளே பாவி!" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள்.

அதே பெரிய ஆஸ்பத்திரியில் நெற்றிக்குத் தையல் போட்டு அனுப்பிவிடப் பார்த்தார்கள். அவள் நர்ஸிடம் போய், "நரம்பு டாக்டரைக் கூப்பிடுங்க. இவருக்குக் கை இழுக்குது" என்றாள். புருஷன் நர்ஸைத் தனியே அழைத்து, "அவங்க சொல்றதை எடுத்துக்காதீங்க. அவங்களுக்கு ஒரு மாதிரி" என்று நெற்றிப்பொட்டில் விரலை வைத்துக் காட்டினான். அவள் அவன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு யாரையும் கேட்காமல் நடந்துபோய், தனக்குத் தெரிந்த வார்டில், தனக்குத் தெரிந்த டாக்டரைக் கையோடு கூட்டி வந்தாள்.

டாக்டர் ஒன்றும் கேட்கவில்லை. கட்டில் ஓரம் நின்றாள். மாஸ்டரின் கன்னம் இழுத்தது, கை துள்ளியது. டாக்டர் பெருமூச்சு விட்டாள். "இது எவ்வளவு நாளா இருக்கு?"

யாரும் பேசவில்லை. ஓரகத்திதான் வாயைத் திறந்தாள். "ரொம்ப நாளாவே டாக்டர். எதையும் மறந்துடறார். அடிக்கறார். அவருக்கு முன்கோபம்னு நெனைச்சோம்."

"இவங்களுக்கு வந்தப்ப மட்டும் ஏன் முன்கோபம்னு நினைக்கல?" என்று கேட்டாள் டாக்டர்.

சோதனையில் தெரிந்துவிட்டது. இதுவும் ரத்தத்தின் எதிர்ப்பொருள்தான்; அவளுக்கு வந்ததிலிருந்து வேறு வகை. நடுவயது தாண்டிய ஆண்களுக்கு அதிகம் வருகிற வகை. "ஒரே வீட்டுல ரெண்டு பேருக்கு வர்றது ரொம்ப அபூர்வம். இது தொத்து நோய் இல்ல. தற்செயல். புரியுதா? தற்செயல்" என்று டாக்டர் மாமியாரின் முகத்துக்கு நேரே இரண்டு முறை சொன்னாள்.

மாமியார் வீட்டுக்கு வந்ததும் சின்ன மருமகளின் டம்ளரையும் தட்டையும் தனியாக எடுத்து வைத்தாள். "அவகிட்டேர்ந்து தொத்திக்கிச்சு என் புள்ளைக்கு."

மருந்து ஏறியதும் மாஸ்டருக்குக் கை இழுப்பது நின்றது. ஆள் மெல்லத் தெளிந்தார். வீட்டுக்கு வந்தவரைக் கூடத்தில் பெரிய நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தெருவே பழங்களோடு வந்து பார்த்தது. "ரத்தத்துல ஏதோ கோளாறாம். மூளைக்கு ஏறிடுச்சாம். எமன் வாயிலிருந்து மீண்டு வந்திருக்கான்" என்று மாமியார் கண்ணீரோடு சொன்னாள். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். மாஸ்டர் தானே பிளேடு எடுத்துச் சவரம் செய்துகொண்டார். ஒருவரும் அதைப் பிடுங்கவில்லை. அவர் கத்தினால், "பாவம், நோய் வந்த உடம்பு" என்றார்கள். மனைவியை அறைந்ததை யாரும் பேசவில்லை. மாஸ்டரும் பேசவில்லை. ஒரே ஒரு முறை, கூடத்தில் யாரும் இல்லாதபோது, சின்ன மருமகள் தரை துடைத்துக்கொண்டிருக்கையில் அவளைப் பார்த்து எதையோ சொல்ல வாயெடுத்தார். மாமியாரின் காலடிச் சத்தம் கேட்டதும் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார்.

மாப்பிள்ளை வீட்டார் நோயாளியைப் பார்க்கவும் கல்யாணத்துக்கு நாள் பேசவும் சேர்த்து வந்தார்கள். அவளை வழக்கம்போல மாடிக்குப் போகச் சொன்னார்கள். போனாள். கீழே பேச்சு கேட்டது. மாமியார் மூத்த மகனின் நோயை ஆதியோடந்தமாக விவரித்துக்கொண்டிருந்தாள். எதிர்ப்பொருள், மூளை, முதுகுத்தண்டு நீர். டாக்டர் அவளைப் பற்றிச் சொன்ன அதே சொற்கள். மறைக்க வேண்டிய சொற்களாக இருந்தவை இப்போது விருந்தினருக்கு எடுத்து வைக்கிற சொற்களாகிவிட்டன.

அவள் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள்.

மாப்பிள்ளையின் அம்மா, "இது யாரு?" என்று கேட்டாள். கடைக்குட்டி தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் எழுந்தான்; பிறகு உட்கார்ந்தான்.

"நான் இந்த வீட்டுச் சின்ன மருமக" என்றாள் அவள். "வெளியூர்ல வேலைன்னு உங்ககிட்ட சொல்லியிருப்பாங்க. நான் மாடியிலதான் இருந்தேன். இப்ப மாமாவுக்கு வந்ததா சொன்னாங்களே, அந்த மாதிரி நோய்தான் எனக்கும் வந்தது. அவருக்கு முன்னாடியே. அவருக்குப் பழம் வாங்கிட்டு வந்தீங்க. என்னை டயர் ரூம்ல கையைக் கட்டிப் போட்டாங்க. அவ்வளவுதான் வித்தியாசம். கல்யாணம் பேசற இடத்துல பொய் இருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன்."

அவள் குரல் உயரவே இல்லை. உயரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா கப்பைக் கீழே வைத்தார். "கெளம்பலாம்" என்றார். மாமியார் அவர் பின்னாலேயே வாசல் வரை கெஞ்சிக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்து, "என் பொண்ணு வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போட்டுட்டியேடி!" என்று அவள் மேல் பாய்ந்தாள். அவளைத் தடுத்தது கடைக்குட்டிதான். "விடும்மா. அண்ணி பொய் ஒண்ணும் சொல்லலியே" என்றாள்.

அப்போது மாப்பிள்ளையின் அம்மா திரும்பி உள்ளே வந்தாள். "பையை விட்டுட்டேன்" என்றாள். பை அவள் தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மாமியார் முகம் மலர்ந்து முன்னே வந்தாள். அந்த அம்மாள் அவளைப் பார்க்கவே இல்லை. நேராகப் படியருகே வந்தாள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அந்த டாக்டர் எந்த ஆஸ்பத்திரியில இருக்காங்கம்மா?"

"யாருக்குங்க?"

அந்த அம்மாள் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "பொண்ணுக்கு. என் பையனுக்கு மூத்தவ. திடீர்னு ஒரு நாள் அவ தம்பியையே யாருன்னு கேட்டா. வாய் எப்பப் பாத்தாலும் எதையோ மெல்லற மாதிரி..."

"உங்களுக்கு ஒரே புள்ளைன்னு சொன்னாங்களே."

வெளியே காரில் அவள் கணவர் ஹார்ன் அடித்தார். மறுபடி அடித்தார். மாமியார் வாயைப் பிளந்து நின்றாள். மாஸ்டர் நாற்காலியில் செய்தித்தாளுக்குப் பின்னால் அசையாமல் இருந்தார்.

"கையைக் கட்டியிருக்கீங்களா?" என்று கேட்டாள் அவள்.

அந்த அம்மாள் தலையைக் குனிந்தாள்.

"போய் முதல்ல அதை அவுத்துவிடுங்க. இல்ல, இருங்க. உங்க வண்டியிலயே நானும் வரேன்."

குழந்தையை அவள் கடைக்குட்டியின் கையில் கொடுத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, வாசல் நடுவில் வந்து நின்ற புருஷனை வழி விடச் சொல்லிவிட்டு, அந்த அம்மாளுக்கு முன்னால் நடந்தாள்.